கொழும்பில் குடியேறலாமா என்று பார்த்துவரப் போய்க் குழம்பி வந்தது

உலகச் சண்டை முடிந்து, கொழும்பில் இரவு விளக்குகளை மறைக்கத் தேவையில்லை என்றான பிறகு வந்த ஆனி மாதத்தில் இந்தப் பயணத்தைச் செய்தேன். ஊர் பார்க்கும் ஆசையில் போகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவன். மதகுகளும் சின்னப் பாலங்களும்தான் என் தொழில். கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோருக்கு மாற்றமும் கூடவே ஒரு படி உயர்வும் தரலாம், விருப்பமா இல்லையா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல மாத முடிவு வரைக்கும் தவணை இருந்தது. ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு நேரில் பார்த்து முடிவெடுப்போம் என்று கிளம்பினேன். கொழும்புக்குக் குடிபோகும் யோசனையில் நம்மவர் பலர் இப்போது இருப்பதால், கண்டதையும் பட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். வீடு கொக்குவிலில். நானும் மனைவி இராசமும் இரண்டே பேர். பின்னேரம் கந்தோரால் வந்து, கிணற்றடியில் குளித்து, முற்றத்து மல்லிகைப் பந்தலுக்கும் தோடைக் கன்றுகளுக்கும் தண்ணீர் விட்டு, ஈர மண் மணக்க ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. இதை விட்டுவிட்டு ஏன் போக வேண்டும் என்று ஒரு மனம் கேட்டது. வயது முப்பத்தெட்டில் இப்படி உட்கார்ந்துவிடுவது வெறும் சோம்பல் இல்லையா என்று இன்னொரு மனம் கேட்டது. இராசத்திடம் விஷயத்தைச் சொன்னபோது, “நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி” என்றாள். என்னைப் போலவே இவளும் இருப்பதில் நிறைவு கண்டவள் என்று எண்ணிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ரயில் பாதையால் ஏறக்குறைய இருநூற்றைம்பது மைல். இரவு மெயிலில் போவதுதான் வசதி. மூன்றாம் வகுப்பில் மரப் பலகைதான் ஆசனம். தலைக்கு வைக்க ஒரு சால்வையும் குடிக்கத் தண்ணீரும் அவசியம். அநுராதபுரத்தில் தேநீர் கிடைக்கும், ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தருவதால் வண்டி கிளம்புவதற்குள் குடித்து முடிக்க முடியாது. நான் தங்கப்போகும் வெள்ளவத்தை அக்கா வீட்டுக்கென்று ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பு மாம்பழம் கொண்டுபோனேன். காலையில் பெட்டியைத் திறந்தபோது பாதிதான் முழுசாக இருந்தது. மாம்பழம் கொண்டுபோகிறவர்கள் வைக்கோலைத் தாராளமாகப் போட வேண்டும்.

கோட்டை ஸ்டேஷனில் விடிந்து கொஞ்ச நேரத்தில் இறங்கி, அங்கேயே கரையோர ரயிலுக்கு மாறினேன். வெள்ளவத்தைக்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது. போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனி மாதத்துக் கடல் கல்லில் மோதி எழும்பி ஜன்னலுக்குள் தூறியது. எதிரே இருந்த சிங்களப் பெண்மணி பழக்கப்பட்ட கையால் ஜன்னல் பலகையை இழுத்து மூடினாள். நான் மறுபடி திறந்தேன். அவள் மறுபடி மூடினாள். பம்பலப்பிட்டி வரைக்கும் இப்படியே போயிற்று.

அக்காவின் வீடு கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. வாசலில் நின்றால் ஒழுங்கை முடிவில் ஒரு துண்டுக் கடல் தெரியும். அத்தான் ஒரு வியாபாரக் கந்தோரில் பெரிய கிளாக்கர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவாகும்போதுதான் திரும்புவார். பெண்பிள்ளைகள் இருவரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். மூத்தவள் பியானோவும் பழகுகிறாள். வீட்டில் ரேடியோ இருக்கிறது. அன்றிரவு சாப்பிடும்போது, கடல் இவ்வளவு கிட்ட இருக்கிறதே, போவதில்லையா என்று அத்தானைக் கேட்டேன்.

“கடல் எங்கயும் ஓடிப்போகாது தம்பி. பென்சன் எடுத்தாப் பிறகு ஆறுதலாய்ப் பாப்பம்” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, அதைப் பார்க்க நேரமில்லாத மனிதர். இதற்காகவா நான் கொக்குவிலை விட்டு வர வேண்டும்? முடிவு சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் விறாந்தையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, வீட்டிலுள்ள எல்லாரும் காலில் போடும் சப்பாத்துகளையும் வரிசையாக வைத்து மினுக்கத் தொடங்கினார். பெரிய பிள்ளையினது, சின்னவளுடையது, கடைசியில் தன்னுடையது. அக்கா பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, பகலில் நடந்ததெல்லாம் சொன்னாள். மீன்காரன் சொன்ன பொய், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, சின்னவள் கணக்கில் வாங்கிய புள்ளி. அவர் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே கேட்டார். நடுநடுவே ஒரு சப்பாத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊர்க் கோவிலில் ஐயர் விளக்கைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாரே, அந்த முகம். நான் வைத்திருந்த இரக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் படுக்கப் போனேன்.

மறுநாள் வீடு பார்த்தேன். வெள்ளவத்தையில் தனி வீடு வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். பெரிய வீட்டோடு ஒட்டிய சின்னப் பகுதிகளைத்தான் விடுகிறார்கள், அனெக்ஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். நான் பார்த்ததில் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, உள்ளேயே தண்ணீர்க் குழாய், மாதம் நாற்பது ரூபா. ஒரு கன்று நடக்கூட மண் இல்லை. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பலாமரத்தின் ஒரு கிளை எட்டிப் பார்த்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. மரியாதையான மனிதர். கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“வூட்டுக்காரி வரல்லியா?”

ஊரில் இருக்கிறாள், நான்தான் முடிவு செய்ய வந்தேன் என்றேன்.

“அது சரி. ஆனா வூட்டுக்குள்ள இருக்கப்போறது அவங்க தானே” என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்து காட்டினார். கொழும்பு மனிதர்களின் பேச்சுவழக்கு என்று எண்ணி நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். அங்கே என் பள்ளிக்கூடச் சிநேகிதன் சூசைநாதன் இருக்கிறான். இளவாலைப் பக்கத்துப் பையன். வகுப்பில் எப்போதும் முதலாவது. இவன் கோட்டில் வாதாடும் பெரிய அப்புக்காத்தாக வருவான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் துறைமுகத்தில் சாமான்கள் இறக்கி ஏற்றுவதைக் கவனிக்கும் ஒரு கிளாக்கராகச் சேர்ந்தவன், அதே மேசையிலேயே இருந்துவிட்டான். உயர்வு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று சொன்னதாக ஊரில் கதை. என்னைப் போன்ற குழப்பத்தில் இருப்பவனுக்கு அவனைவிட நல்ல ஆள் கிடைக்காது என்றுதான் போனேன்.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் பத்துச் சதம். அங்கிருந்து கிராண்ட்பாஸ் பக்கம் போகும் டிராமில் ஐந்து சதம். டிராமில் நடத்துனர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொற்களையும் சேர்த்துச் சொன்னேன். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “கொட்டாஞ்சேனைக்கோ? இரு, சொல்றன்” என்று அவர் நல்ல தமிழில் சொன்னார். அவர் சொன்ன சந்தியில் இறங்கி மிச்சத்தை நடக்க வேண்டும். ரிக்‌ஷா பிடிக்கலாம், ஆனால் மழை இல்லாவிட்டால் நடப்பதே நல்லது. பெரிய தேவாலயத்தின் கூரைக் கோளம் எந்த ஒழுங்கையிலிருந்தும் தெரிவதால் வழி தவறாது. கருவாட்டு வாடை, வேகும் பாண் மணம், எங்கிருந்தோ கப்பல் ஊதும் சத்தம், எல்லாம் ஒன்றாக வரும்.

சூசை தோட்டத்தில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு நான் மரஞ்செடிகளை எதிர்பார்த்தேன். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீட்டு வரிசை. நடுவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு குழாய். அந்த வரிசையில் கடைசி வீடு அவனுடையது. முன்னறை ஒன்று, பின்னால் ஒரு குசினி. சுவரில் முழங்கால் உயரத்துக்கு மண்ணிறத்தில் ஒரு பட்டை ஓடியது. சுவர் அழுக்குப்படாமல் இருக்கப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னலில் ஒரு நீலக் கண்ணாடிப் போத்தல் நின்றது. வெயில் அதன் வழியாக வந்து சீமெந்துத் தரையில் விழுந்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போகும்படி சூசை என்னிடம் சொன்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், ஆனால் நானும் சுற்றித்தான் போனேன்.

அவன் மனைவி திரேசம்மா அப்பமும் மீன் குழம்பும் தந்தாள். பிள்ளைகள் இரண்டு. தகப்பன் கப்பல்களைப் போல ஊதிக் காட்ட, அது எந்தக் கப்பல் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். நான் பார்த்த வீடுகளில் இவ்வளவு சிரிப்பு இருந்த வீடு குறைவு. சூசை ஒரு வாய் வைத்தால் அதை முழுக்கச் சாப்பிட்ட பிறகே பேசுவான். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை தொடமாட்டான். ஒரு நாளைக்கு ஒரு வடிவான சாமானையாவது பார்க்காமல் படுப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருக்கிறான். மழை நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். மழை நாளில்தான் தெரிவு செய்யக் கஷ்டம் என்றான்.

அன்றிரவு அங்கேயே படுத்தேன். அடுத்த நாள் வெளிச்சம் வருமுன்னே என்னை எழுப்பி முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனான். நடந்து போகும் தூரம்தான். களனி ஆறு கடலில் விழும் இடம் அது. மலைநாட்டு மழையெல்லாம் வந்துகொண்டிருந்ததால் ஆறு தேநீர் நிறத்தில் அகன்று ஓடியது. கடல் சாம்பல் நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கீறின மாதிரி ஒரு கோடு, அது அசைந்துகொண்டே இருந்தது. மீனவர் சிலர் ஒரு தோணியைத் தள்ளி அந்தக் கோட்டைத் தாண்ட முயன்று, திரும்பி வந்து, மறுபடி தள்ளினார்கள்.

“பார் மச்சான். ரெண்டு தண்ணியும் இன்னும் ஒண்டையொண்டு ஒப்புக்கொள்ளேல்லை” என்றான் சூசை.

நான் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் போகும் வழிகளைக் கீறியவன். தண்ணீரை இப்படி நின்று பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றோமென்று தெரியாது. வெயில் ஏறிய பிறகு, என் மாற்றத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை.

“இப்ப இருக்கிறது உனக்குக் காணுமோ?”

“காணும்.”

“அப்ப பிறகென்ன கதை?”

திரும்பி வரும்போது என் மனம் காற்றுப்போல இருந்தது. உயர்வு வேண்டாம். கொக்குவில் போதும். மல்லிகைப் பந்தலுக்குக் கீழே இன்னும் கவனமாக உட்காருவேன். இராசத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்கள்கூட அமைத்துவிட்டேன். என் பயணக் கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருந்தால் படிக்கிறவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் விடைபெற்றேன். சூசைக்குப் பிள்ளைகளோடு ஏதோ வேலை இருந்தது. சந்திக் கடையில் மண்ணெண்ணெய் வாங்க வேண்டும் என்று திரேசம்மா போத்தலோடு என்னுடன் வந்தாள். டிராம் சந்தியை எட்டும்போது மழை கொட்டத் தொடங்கிற்று. ஒரு பூட்டிய கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பேச ஏதாவது வேண்டும் என்பதற்காக, நீங்கள் கொடுத்து வைத்தவர், இப்படி ஒரு நிறைவான மனிதரோடு இருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவள் தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கியதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் அண்ணை. நல்ல மனுசன். குடிக்கிறேல்லை. ஒரு நாளும் கை நீட்டினதில்லை” என்றாள். பிறகு, “சுவரில மண் பட்டை ஒண்டு பாத்திருப்பியள்” என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

“அது போன வருச வெள்ளம். தண்ணி உள்ளுக்கு வந்து நிண்டது. என்ர ஒரு கையில சின்னவன், மற்றக் கையில அரிசிப் பானை. எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறன். இவர் கதவடியில நிண்டு, திரேசா, கெதியா வந்து பார் எண்டு கூப்பிடுறார். பாம்பாக்கும் எண்டு பயந்து போனன். லாம்பு வெளிச்சம் தண்ணியில விழுந்து சுவரெல்லாம் ஆடுது. அதைப் பாக்கத்தான் கூப்பிட்டவர்.”

நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பாத்தனான். வடிவாத்தான் இருந்தது. அதுதான் அண்ணை எனக்குக் கோவம்.”

மழையின் சத்தத்தில் அவள் குரல் அதிகம் உயரவில்லை. மிச்சத்தை அவள் சொன்ன ஒழுங்கிலேயே சுருக்கமாகத் தருகிறேன். வெள்ளம் வடிந்த பிறகு, சூசையின் வேலைத்தலத்தில் தெமட்டகொடைப் பக்கம் மேட்டு நிலத்தில் இரண்டறைக் குவாட்டர்ஸ் ஒன்று தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சூசை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அங்கே கப்பல் ஊதுவது கேட்காது, முகத்துவாரத்துக்கு நடந்து போகவும் முடியாது. இது திரேசம்மாவுக்குத் தெரிய வந்தது சூசை சொல்லி அல்ல. அந்தக் குவாட்டர்ஸுக்குக் குடிபோன இன்னொரு கிளாக்கரின் மனைவி, தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது, நீங்கள் விட்டுத் தந்ததற்கு நன்றி என்று இவளுடைய கையைப் பிடித்திருக்கிறாள்.

“அவருக்குக் காணும். எனக்குக் காணுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள்.

நான் சூசையிடம் பேசட்டுமா என்றேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“வேண்டாம் அண்ணை. சொன்னால் அவர் மாறிப்போவார். நாளைக்கே குவாட்டர்ஸ் கேட்டு நிப்பார். பிறகு ஜன்னலில இருக்கிற அந்த நீலப் போத்தலை எடுத்து உள்ளுக்கு வைச்சிடுவார். அப்பிடி மாறின மனுசனை எனக்குத் தெரியாது.”

டிராம் வந்தது. அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள். நான் நனைந்த பலகையில் உட்கார்ந்து, நடத்துனருக்குக் காசு கொடுக்க மறந்து, இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

அன்று இரவு மெயிலில் திரும்பினேன். போகும்போது ஒரு குழப்பம். வரும்போது அது எத்தனையாகப் பெருகிவிட்டதென்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. சூசை பொய்யானவனா? இல்லை. முகத்துவாரத்தில் நான் கண்டது பொய்யா? அதுவும் இல்லை. அந்தச் சுவரில் இருந்த பட்டை தண்ணீர் நின்ற அடையாளம் என்று, மதகு கீறுகிற எனக்கே ஏன் தெரியவில்லை? அத்தான் கடலைப் பார்க்காமலே சந்தோஷமாக இருக்கிறார், சூசை பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். யாரைப் பின்பற்றுவது? நிறைவு என்பது ஒரு மனிதன் தனியாகச் செய்துகொள்ளக்கூடிய காரியம் என்றுதான் அதுவரைக்கும் எண்ணியிருந்தேன். வண்டி வவுனியாவைக் கடந்தபோது இன்னொன்று தோன்றிற்று. எனக்குச் சரியென்றால் அவளுக்கும் சரி என்று இராசம் சொன்னாளே, அதன் அர்த்தம் என்ன?

வீட்டுக்கு வந்ததும் அமைத்து வைத்த வாக்கியங்களை ஒன்றும் பேசவில்லை. குளித்துச் சாப்பிட்ட பிறகு அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, ஏன், கொழும்பில் ஏதாவது நடந்ததா என்றாள். நான் மறுபடி கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கேட்காததை இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்றாள். எழும்பிப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவின பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள் என்று நினைக்கிறேன். அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

அதற்கு மறுநாள் பின்னேரம் நான் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவளாக வந்து பக்கத்தில் நின்றாள்.

“நீங்கள் இப்பிடித் தண்ணி விடுறதைப் பாக்க எனக்கும் சந்தோசம்தான். பொய்யில்லை” என்றாள். “ஆனால் பகல் முழுக்க நான்தானே இஞ்ச இருக்கிறன். ஒழுங்கையில இறங்கினால் பிள்ளை ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம். கோவிலடியில கேக்கினம். கலியாண வீட்டில கேக்கிறேல்லை. ஆலாத்தி எடுக்க மட்டும் வேற ஆளைக் கூப்பிடுகினம்.”

வாளியைக் கீழே வைத்தேன். பிள்ளை இல்லாதது எங்கள் இருவருக்கும் பழகிப்போன விஷயம் என்றுதான் இருந்தேன். எனக்குப் பழகியிருந்தது. என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை.

“முந்திச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“முந்திக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனோ தெரியாது. நீங்கள் இந்தக் கதிரையில இருக்கேக்க உங்கட முகத்தைப் பாத்தால் ஒண்டும் சொல்ல மனம் வாறேல்லை.”

நான் மாற்றத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். இதைத் தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பந்தலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அதை இராசம் கண்டாள். சரி, போக வேண்டாம் என்று சொல்வாளோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவள்மேல் கொஞ்சம் கோபமும், சொல்லாமல் விட்டாளே என்று கொஞ்சம் மதிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டில் எது பெரியதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆடி கழிந்து வெள்ளவத்தைக்கு வந்தோம். அதே முஸ்லிம் பெரியவரின் அனெக்ஸ்தான். இராசம் குசினிக்குள் கால் வைத்ததுமே, புகை போக வழியெங்கே என்று கேட்டாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, அந்தக் கிழமையே ஆள் அனுப்பிச் சுவரில் ஒரு துவாரம் வைத்துத் தந்தார். எனக்கு இங்கே பின்னேரங்களில் கை சும்மா இருக்கிறது. முகத்துவாரத்துக்கு இரண்டு முறை போனேன். சூசை பழையபடியே இருக்கிறான். என் முடிவைக் கேட்டுத் தலையை ஆட்டினான். உனக்குக் காணும் என்றல்லவா சொன்னாய் என்றான். ஓம், சொன்னேன் என்றேன். திரேசம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவனோடு நின்று பார்க்கும்போது அந்தத் தண்ணீர் இப்போதும் வடிவாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னைக் குழப்புகிறது.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆனி, ஆடியில் வராதீர்கள், வந்தால் குடையை நம்பாதீர்கள். ரேஷன் கூப்பன் புத்தகத்தை மறக்க வேண்டாம், அரிசி அளவாகத்தான் கிடைக்கும். சொந்தக்கார வீட்டில் தங்குகிறவர்கள் ஊரிலிருந்து பனங்கிழங்கு ஒடியல் மாவோ பயறோ கொண்டுவந்தால் அவர்களுக்கு உதவி. கரையோர ரயிலில் மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸை விட லாபம். கொட்டாஞ்சேனையிலும் மற்றப் பள்ளப் பகுதிகளிலும் வீடு பார்க்கும்போது பெயின்ற் அழகைப் பார்க்காமல், சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சிங்களத்தில் எண்களையாவது படித்து வையுங்கள். முக்கியமாக, குடியேறுவதற்கென்று இடம் பார்க்க வருகிறவர்கள் தனியாக வராதீர்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைக் கூட்டி வாருங்கள். அழகான இடமா என்று நீங்கள் பார்க்கலாம். இருக்கக்கூடிய இடமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

வந்த முதல் கிழமையில் ஒரு நாள் நான் முன்னறையில் மேசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா மதிலோரம் வந்து இராசத்தோடு கதைக்கத் தொடங்கினார். எந்த ஊர், ஐயாவுக்கு எங்கே வேலை என்று வழக்கமான கேள்விகள். பிறகு, “எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

“இல்லை” என்றாள் இராசம்.

“ஓ” என்றார் அந்த அம்மா. “அப்ப புதன்கிழமையில மீன்காரனை நம்ப வேண்டாம். பழசைத்தான் தருவான். அண்டைக்குச் சந்தைக்கு நான் போகேக்க கூப்பிடுறன், வாங்கோ.”

இராசம் உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அழுவாளோ, சிரிப்பாளோ, ஊருக்குத் திரும்பிப் போவோம் என்பாளோ என்று காத்திருந்தேன். அவள் கூடையைத் தேடி எடுத்து, அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று என்னைக் கேட்டாள்.